சவுக்குக்கு ஒரு டீ

ஏப்ரல் 3, வியாழன்

மேகலா சொன்னதால் எழுதுகிறேன். "படிச்சதைத் தினமும் நாலு வரி எழுதுங்கப்பா, அப்பத்தான் மண்டையில நிக்கும்" என்றாள். என் மண்டையில் முடியே நிற்கவில்லை, படிப்பா நிற்கப் போகிறது? ஆனாலும் காஸ்டிக் சோடா கம்பெனிக்காரர் கொடுத்த டைரி ஒன்று மூன்று வருடமாகப் பிரிட்ஜ் மேல் சும்மா கிடக்கிறது. கிழமைகளை மட்டும் அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். நான் அங்கமுத்து, காகித மில்லில் டைஜஸ்டர் ஆபரேட்டர். டைஜஸ்டர் என்றால் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளலாம். மரத்துண்டுகளை உள்ளே தள்ளி, காரத் தண்ணீர் ஊற்றி, நீராவி விட்டு வேகவைத்துக் கூழாக்குவது என் வேலை. இருபத்தாறு வருடமாக மரம் வேகவைக்கிறேன், இன்றுவரை சோறு வடிக்கத் தெரியவில்லை என்று என் மனைவி ருக்மணி வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வாள்.

வருகிற மே மாதம் எங்களுக்கு எழுத்துப் பரீட்சையும் நேர்முகமும் வைக்கிறார்கள். பாஸானால் ஷிப்ட் இன்சார்ஜ். பத்தாவதும் ஐடிஐயும் முடித்த கையோடு நான் புத்தகத்தை மூடினவன். நல்லவேளையாக மேகலா வந்திருக்கிறாள். கோவையில் லிக்னின் பற்றித்தான் அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. ஒரு மாத லீவாம். வரும்போது தலையணை, டேபிள் ஃபேன், பக்கெட், கப் வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள். ஹாஸ்டலில் திருட்டு பயம் போலிருக்கிறது.

ஏப்ரல் 5, சனி

முதல் பாடம். மேகலா ஒரு கடலை மிட்டாயைத் தட்டில் வைத்தாள்.

"இதுதாம்ப்பா மரம். கடலை எல்லாம் நாரு. நடுவுல ஒட்டிப் பிடிச்சிருக்கிற பாகுதான் லிக்னின். நமக்குக் காகிதத்துக்குக் கடலை மட்டும் போதும். அதனால பாகைக் கரைச்சு வெளிய எடுக்கறோம். கரைஞ்சது எங்க போகுது?"

"கருஞ்சாறுல."

பிளாக் லிக்கர் என்பதை அவளிடம் கருஞ்சாறு என்றுதான் சொல்வேன். பெண் பார்க்கப் போன காலத்தில், நான் தினமும் லிக்கரோடு புழங்குகிறேன் என்று கேள்விப்பட்ட ருக்மணி வீட்டாரிடம் எங்கள் பெரியப்பா ஒருத்தர் பேசிச் சமாளிக்க வேண்டியதாகிவிட்டது.

"சரி, எல்லா மரத்துலயும் பாகு ஒரே மாதிரியா?"

"இல்லீங்க டீச்சர்."

"கரெக்ட். மரத்துக்கு மரம் வேற. அதோட, எவ்வளவு சூடு, எவ்வளவு காரம், எவ்வளவு நேரம்கிறதைப் பொறுத்து வெளிய வர்ற லிக்னினோட குணமும் மாறும். ரொம்ப நேரம் அடுப்புல கிடந்தா பாகு என்னாகும்?"

"முறுகிரும்."

"அதேதான். உடைஞ்ச துண்டுங்க மறுபடியும் ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கிட்டுக் கெட்டியாயிரும். பழைய பதத்துக்குத் திரும்பாது."

எனக்கு எல்லாம் புரிந்தது. புரிந்த சந்தோஷத்தில் மரத்தைத் தின்றுவிட்டேன். நாளைக்கு வேறு மரம் வாங்க வேண்டும்.

ஏப்ரல் 7, திங்கள்

படிக்கவில்லை. தூங்கினேன். (வீட்டில்தான்.)

ஏப்ரல் 10, வியாழன்

மேகலாவின் போன் மேஜைமேல் கவிழ்ந்தே கிடக்கிறது. அடிக்கிறது, நிற்கிறது, மறுபடி அடிக்கிறது. "ஏங்கண்ணு, மேடமா இருக்கப் போகுது" என்றேன். ஆராய்ச்சிக்குக் கைடாக இருக்கும் பேராசிரியையைத்தான் அவள் மேடம் என்பாள். "கம்பெனிக்காரங்க கால்ப்பா, லோன் வேணுமான்னு" என்றாள். ஒரு நாளில் இத்தனை பேருக்கு எங்கள் மேல் நம்பிக்கை வந்திருப்பது பெருமையாக இருக்கிறது.

இன்று படித்தது: காரத்தோடு சோடியம் சல்பைடும் சேர்த்தால் லிக்னின் சீக்கிரம் உடையும், நாருக்குச் சேதம் குறைவு. மில் முழுக்க அழுகின முட்டை வாசம் வருவதும் அதனால்தான். அந்த வாசம் எனக்குத் தெரிவதே இல்லை. வீட்டுக்குள் நுழையும்போது ருக்மணி முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப்பிறப்பு. மச்சான் வந்திருந்தார். பாயசம் இரண்டு டம்ளர் முடித்துவிட்டு, "ஏம்மா மேகலா, உன் படிப்பு எப்பத்தான் முடியும்? டாக்டர்னு போட்டுக்கலாமாமே, ஊசி கீசி போடுவியா?" என்றார். மேகலா சிரித்துக்கொண்டே துணி எடுக்க மாடிக்குப் போனாள். கொடியில் துணி எதுவும் கிடையாது, ருக்மணி காலையிலேயே எடுத்து மடித்துவிட்டாள்.

சாயங்காலம், பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெட்ரிக் ஸ்கூலில் கெமிஸ்ட்ரிக்கு ஆள் கேட்கிறார்களாமே என்று என்னிடம் விசாரித்தாள். லீவில் பொழுது போக வேண்டுமில்லையா.

ஏப்ரல் 16, புதன்

பாடம்: தைலமரமும் சவுக்கும். எங்கள் மில்லில் இந்த இரண்டும்தான் மாறி மாறி வரும். மேகலாவின் ஆராய்ச்சியும் அதுதான். இரண்டையும் ஒரே மாதிரி வேகவைத்தால் வெளிவரும் லிக்னின் எப்படி வேறுபடுகிறது, எதை எடுத்துப் பிளைவுட் பசைக்குக் கலக்கலாம் என்று பார்க்கிறாள். மில்லில் அனுமதி வாங்கி, இரண்டு வருடமாக அவளுக்குக் கருஞ்சாறு அனுப்பினது நான்தான். ஐந்து லிட்டர் கேனில் பிடித்து, மூடிக்கு மேல் டேப் சுற்றி, கோவை பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். "அண்ணா, இது என்ன பொணத்தைக் கழுவின தண்ணியா?" என்று கண்டக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்பார். ஆராய்ச்சிங்க என்பேன். மார்பு கொஞ்சம் விரியும்.

அதில் அமிலம் விட்டு வடிகட்டினால் காப்பித்தூள் மாதிரி லிக்னின் கிடைக்குமாம். இன்று அதைச் சொல்லும்போது மேகலாவுக்குக் கண்ணெல்லாம் வெளிச்சம். பேனாவைப் பிடுங்கிப் படமெல்லாம் போட்டாள். திடீரென்று, "போதும்ப்பா, இதெல்லாம் உங்க பரீட்சைக்கு வராது" என்று தாளைக் கசக்கிவிட்டாள்.

தாளை எடுத்து நீவி டைரிக்குள் வைத்திருக்கிறேன். பரீட்சைக்கு வந்தாலும் வரும்.

ஏப்ரல் 19, சனி

ருக்மணி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "ஏனுங்க, அவ லீவுல வரலீங்க. விட்டுப்போட்டு வந்துட்டா."

மேகலா அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். தைலமரத்து லிக்னின் எல்லாம் ஒழுங்காக வந்ததாம். சவுக்கு மட்டும் இருக்க வேண்டியதைவிட ரொம்பவும் முறுகிப்போய் வருகிறதாம். அதுவும் ஒரு கேன் ஒரு மாதிரி, அடுத்த கேன் வேறு மாதிரி. மேடத்திடம் முன்னால் படித்தவர்கள் சோதனைக்கூடத்தில் சவுக்கை வேகவைத்து எழுதிவைத்த கணக்கோடு இது ஒத்துப்போகவே இல்லை. சாம்பிளை மாற்றிவிட்டாயா, அமிலம் விடும்போது கவனம் இல்லையா என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டாராம் மேடம். இவள் மூன்று தடவை முதலிலிருந்து செய்தாள். மூன்று தடவையும் அதேதான். இரண்டு வருட வேலையை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஆரம்பி என்றதும் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

"உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னா. பரீட்சைக்குப் படிக்கற மனுசன்னு."

எனக்கு எதுவும் தெரியாது என்று எழுதினால் பொய். பக்கெட்டைப் பார்த்தபோதே தெரியும் என்று எழுதினாலும் பொய். கத்தரிக்காய்க் குழம்பு நன்றாக இருந்தது.

ஏப்ரல் 20, ஞாயிறு

மேகலா நேர்முகத்துக்கு ஒத்திகை வைத்தாள். அவள் கட்டிலில் அதிகாரி மாதிரி உட்கார்ந்துகொண்டாள். நான் ஸ்டூலில்.

"மிஸ்டர் அங்கமுத்து, தைலமரம் போட்டா எப்படி வேகவைப்பீங்க?"

"நூத்தி எழுபது டிகிரிங்க மேடம். ஒன்றரை மணி நேரம். அப்புறம் ப்ளோ." ப்ளோ என்றால் அடி வால்வைத் திறந்து வெந்த கூழை வெளியே அடிப்பது.

"வெரி குட். சவுக்குன்னா?"

"அதே டிகிரி. அதே ஒன்றரை மணி. ஒரு டீ. ப்ளோ."

"ஒரு... என்னது?"

"டீ. சவுக்கு சுலபத்துல வேகாது பாரு. அதனால நேரம் முடிஞ்சதும் உடனே தொறக்க மாட்டோம். கேன்டீனுக்குப் போய் ஒரு டீ குடிச்சுட்டு வந்து தொறப்போம். எல்லா ஷிப்ட்டுலயும் அப்படித்தான்."

"டீ குடிக்க எவ்வளவு நேரமாகும்?"

"அதெப்படிச் சொல்றது? கேன்டீன்ல கூட்டம் இருக்கறதைப் பொறுத்து. வடை சூடா இருந்தா இன்னும் கொஞ்சம்."

"அப்ப ஏம்ப்பா கேனோட அனுப்பற சீட்டுல ஒன்றரை மணின்னே எழுதறீங்க?"

"அதுல டீன்னு எழுதக் கட்டம் இல்லையே."

மேகலா கட்டிலிலிருந்து இறங்கி என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "அப்பா. எனக்கு அனுப்பினீங்களே சவுக்குக் கேன். அதுக்கும் டீ குடிச்சீங்களா?"

எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. பெற்ற பிள்ளைக்கு அனுப்புவதில் குறை வைப்பேனா? "என்ன சாமி இப்படிக் கேட்டுப்புட்ட? ஊருக்கெல்லாம் ஒரு டீன்னா உன் சாம்பிளுக்கு ரெண்டு டீ. ஆராய்ச்சிக்குப் போறது, அரைவேக்காடா இருக்கக் கூடாதுன்னு எங்க ஷிப்ட்டு யேசுராஜையும் இழுத்துக்கிட்டுப் போய் ரெண்டாவது டீ குடிப்பேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நின்றுவிடும் என்று பார்த்தேன், நிற்கவில்லை. என் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். வேட்டி நனைந்துபோனது. ருக்மணி கரண்டியோடு ஓடிவந்து, "புள்ளையை என்ன பண்ணினீங்க?" என்றாள்.

"டீ குடிச்சேன்" என்றேன்.

ஏப்ரல் 21, திங்கள்

பாகு முறுகியது சவுக்கால் இல்லை. என்னால்.

ஏப்ரல் 24, வியாழன்

மேகலா மேடத்துக்குத் தானே போன் செய்தாள். மாடியில் நடந்துகொண்டே வெகுநேரம் பேசினாள். நான் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்கப் போகிற மாதிரி இரண்டு தடவை போய்ப் பார்த்தேன்.

மேடம் கெட்டவர் இல்லையாம். "இது முதல்லயே தெரிஞ்சிருந்தா உன்னை ஏன்ம்மா திட்டியிருக்கப் போறேன்" என்றாராம். தைலமரத்து வேலை அப்படியே செல்லும். சவுக்கை மட்டும் கோவையிலேயே சின்ன டைஜஸ்டரில் சரியான நேரம் வைத்து வேகவைத்துப் பார்த்தால் போதும். ஆனால் மே ஐந்தாம் தேதி அவளுடைய ஆராய்ச்சியைப் பரிசீலிக்கும் குழு கூடுகிறது. மில்லில் சவுக்கைக் கூடுதல் நேரம் வேகவைத்தார்கள் என்று மில்லிலிருந்தே எழுதி வர வேண்டும். பெண் வந்து, எங்கப்பா டீ குடித்தார் என்றால் யார் நம்புவார்கள்?

எழுதித் தர வேண்டியவர் உற்பத்தி மேனேஜர் ஹரிஹரன் சார். ஒன்பதாம் தேதி என்னை நேர்முகம் காண்பவரும் அவர்தான்.

"வேண்டாம்ப்பா" என்றாள் மேகலா. "அடுத்த வருஷம் குழு கூடறப்பப் பாத்துக்கலாம்."

அவள் அடுத்த வருஷம் என்றதும் எனக்கு மெட்ரிக் ஸ்கூல் ஞாபகம் வந்தது. அங்கே திங்கட்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 26, சனி

என்னோடு ஒரே ஷிப்டில் இருப்பவன் யேசுராஜ். என்னைவிடப் பத்து வயது சின்னவன். பரீட்சை எழுதுகிறான். அவனிடம் சொன்னேன்.

"அண்ணா, இருபது வருசமா குடிக்கற டீயை இப்பப் போயி காட்டிக் குடுக்கறீங்களா? பரீட்சை முடியட்டும். இன்சார்ஜ் சேர்ல உக்காந்துக்கிட்டு நீங்களே தடை போடுங்க, நாங்க கேட்டுக்கறோம்."

"அஞ்சாம் தேதிக்குள்ள வேணும்டா."

"அப்ப என் பேரைச் சொல்லிராதீங்க. நான் காப்பிதான் குடிப்பேன்னு சொல்லுங்க."

பயப்படாதே, என் டீயை மட்டும்தான் சொல்வேன் என்றேன். நம்பவில்லை. ஆனாலும் வடை வாங்கிக் கொடுத்தான்.

ஏப்ரல் 28, திங்கள்

போனேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை, பேன்ட்டில் கறை.

ஹரிஹரன் சார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "இதை யாருங்க ஆரம்பிச்சது?"

"தெரியலைங்க சார். நான் சேந்தப்பவே இருந்ததுங்க. சவுக்கு வேகாதுன்னு சொன்னாங்க."

"வேகலைன்னு நீங்க பாத்திருக்கீங்களா?"

யோசித்தேன். பார்த்ததில்லை. டீ குடிக்காமல் திறந்தால்தானே பார்ப்பதற்கு? அதையே சொன்னேன்.

அவர் ஜன்னல் வழியாக மரம் வெட்டும் பக்கம் பார்த்தார். "முன்னாடி பழைய சிப்பர் ஒண்ணு இருந்துச்சாம். சவுக்கைத் தடிதடியா வெட்டிப் போடும்னு சொல்வாங்க. தடியா இருந்தா நடுவுல வேகாது, சரிதான். அந்த சிப்பரைத் தூக்கிப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. இப்ப மெல்லிசாத்தானே வருது?"

"ஆமாங்க சார். டீ மட்டும் நின்னுபோச்சுங்க... அதாவது, நிக்காம நின்னுபோச்சுங்க."

அவர் சிரிக்கவில்லை. கூடுதலாக வேகவைத்தால் நீராவி வீண், கூழும் குறைவு, எத்தனை வருடம், எத்தனை டைஜஸ்டர் என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். வேறு யார் யார் என்று கேட்டார். "என் டீயைப் பத்தி மட்டுந்தாங்க சார் எனக்குத் தெரியும்" என்றேன். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். பிறகு கடிதத்தை டைப் அடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

"ஒன்பதாம் தேதி நானும் இருப்பேன், அங்கமுத்து."

"தெரியுங்க சார்."

வீட்டுக்கு வந்தால் மேகலா பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. புடவையெல்லாம் கட்டித் தயாராகி, வாசல் வரை போய்த் திரும்பிவிட்டாளாம். கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். "என்னப்பா இது, போய்ட்டீங்களா?" என்றாள். அவ்வளவுதான். ராத்திரிச் சோற்றுக்கு எனக்கு மட்டும் அப்பளம் ஒன்று கூடுதலாக இருந்தது.

மே 4, ஞாயிறு

கோவை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அரிசிச் சாக்கில் சவுக்குத் துண்டுகள், சார் அனுமதியோடு. தலையணை, டேபிள் ஃபேன், பக்கெட், கப், எல்லாம் திரும்பிப் போகின்றன. ஹாஸ்டலில் திருட்டு பயம் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது.

அதே கண்டக்டர். சாக்கை முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னைக்கு வாசமே இல்லையே" என்றார். "இன்னும் வேகலைங்க" என்றேன்.

மே 6, செவ்வாய்

குழு ஒத்துக்கொண்டது. மேகலா போனில் சொன்னாள். ருக்மணி சாமி படத்துக்குப் பூ வாங்கப் போனாள். நான் புத்தகத்தைத் திறந்தேன். தூங்கிவிட்டேன்.

மே 9, வெள்ளி

எழுத்துப் பரீட்சை மோசமில்லை. லிக்னின் என்றால் என்ன என்ற கேள்விக்குக் கடலை மிட்டாயை எழுதினேன். படமும் போட்டேன். மேகலா கசக்கிய தாளில் இருந்த படம்தான். வந்தாலும் வரும் என்று எழுதியிருந்தேனே.

நேர்முகத்தில் மூன்று பேர். இரண்டு பேர் பாதுகாப்பு, நீராவி அழுத்தம் என்று கேட்டார்கள். ஹரிஹரன் சார் கடைசியாகக் கேட்டார்.

"சவுக்கு போட்டிருக்கீங்க. எப்ப ப்ளோ கொடுப்பீங்க?"

மற்ற இருவருக்கும் விஷயம் தெரியாது. ஒன்றரை மணி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம்.

"இத்தனை வருசம் ஒரு டீ கழிச்சுக் கொடுத்தேங்க சார். பத்து நாளா ஒன்றரை மணிக்கே கொடுக்கறேன். ரெண்டு நாள் கூழை லேப்ல பாக்கச் சொன்னேன். நல்லா வெந்துதான் இருக்குங்க."

மற்ற இருவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஹரிஹரன் சார் எதையோ எழுதினார். நீளமாகத்தான் எழுதினார்.

மே 22, வியாழன்

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். நான் இல்லை. முறையற்ற நடைமுறையைப் பின்பற்றியதால் இந்த முறை பரிசீலிக்கவில்லையாம், அடுத்த வருடம் எழுதலாமாம். யேசுராஜ் பாஸ். மேகலா எனக்காக எழுதிய குறிப்பையெல்லாம் அவனுக்கும் படிக்கக் கொடுத்திருந்தேன். அந்த வகையில் என் வீட்டுப் பாடம்தான் பாஸாகியிருக்கிறது.

அவனுக்குத்தான் ரொம்பச் சங்கடம். என்னைப் பார்த்துவிட்டுப் பாய்லர் பக்கம் சுற்றிக்கொண்டு போனான். துரத்திப் பிடித்துக் கை கொடுத்தேன்.

மேகலாவிடம் ரிசல்ட் இன்னும் வரவில்லை என்றிருக்கிறேன். ருக்மணி சொல்லிவிடுவாள்.

மே 23, வெள்ளி

சொல்லிவிட்டாள். மேகலா உடனே போன் செய்தாள். "அடுத்த வருஷத்துக்கும் நீதான் டீச்சர், சம்பளத்தைக் கூட்டிக் கேட்டுராதே" என்றேன். மூக்கை உறிஞ்சினாள். ஜலதோஷமாம்.

ஜூன் 12, வியாழன்

மூன்று நாள் முன்னால் மேகலா கூப்பிட்டாள். சரியான நேரம் வைத்து வேகவைத்த சவுக்கு லிக்னின், அது இருக்க வேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டதாம். தைலத்துக்கும் சவுக்குக்கும் உள்ள வித்தியாசம் இப்போதுதான் சுத்தமாகத் தெரிகிறதாம். அதோடு, மேடம் அந்தப் பழைய கேன்களைத் தூக்கிப் போட விடவில்லை. அதிக நேரம் வெந்தால் அதே மரத்து லிக்னின் எப்படி மாறும் என்பதற்கு அதுவே சாட்சியாம். அதற்கென்று ஒரு தனி அத்தியாயம்.

"ஆனா ஒரு சந்தேகம்ப்பா. ரெண்டு டீன்னா உத்தேசமா எத்தனை நிமிஷம்? நேரம் போடணும்."

நானும் யேசுராஜும் வேலை முடிந்ததும் கேன்டீனுக்குப் போனோம். போனில் கடிகாரம் வைத்துக்கொண்டு, ஆராய்ச்சிக்காக இரண்டிரண்டு டீ குடித்தோம். முதல் நாள் இருபத்தைந்து நிமிடம். இரண்டாம் நாள் நாற்பது, வடை சூடாக இருந்தது. "அது உங்க ஆராய்ச்சியில வராதுங்கண்ணா, வடையைக் கழிச்சுருங்க" என்றான் யேசுராஜ். கழிக்கவில்லை. உள்ளதை உள்ளபடி அனுப்பிவைத்தேன்.

ஜூன் 18, புதன்

இன்று சவுக்கு. ஒன்றரை மணி ஆனதும் வால்வைத் திறந்தேன். கூழ் பாய்ந்து சத்தம் அடங்கியதும் இன்சார்ஜ் சார் இரண்டு டம்ளரோடு வந்தார். "அண்ணா, இப்பக் குடிக்கலாம்" என்றார்.

குடித்தேன். சர்க்கரை கொஞ்சம் கம்மி.